திரும்பும்போது காரில் 'ம்ம்ம்ங்...' சத்தமா? டயரா, பேரிங்கா... கண்டுபிடிப்பது எப்படி?

இந்த வார 'கார் டவுட் கார்னர்' பகுதிக்கு ஈரோட்டிலிருந்து ஒரு வாசகி அனுப்பியிருக்கும் சந்தேகம், பலருக்கும் இருக்கக்கூடியது. 7 வருடங்கள் ஓடிய பெட்ரோல் ஹேட்ச்பேக் கார் அது. 45 கி.மீ வேகத்தைத் தாண்டினால் அடியிலிருந்து 'ம்ம்ம்ங்...' என்று ஒரு முனகல் கேட்கிறதாம். ஸ்டீயரிங்கை வலது பக்கம் திருப்பினால் சத்தம் கூடுகிறது, இடது பக்கம் திருப்பினால் குறைகிறது. டயர் கடையில் கேட்டால் நான்கு டயரையும் மாற்றச் சொல்கிறார்கள். பக்கத்துத் தெரு மெக்கானிக், வீல் பேரிங் போய்விட்டது என்கிறார். இரண்டுக்கும் செலவு செய்ய வழியில்லை. வாரா வாரம் அப்பாவை சிகிச்சைக்காக கோவைக்கு அழைத்துப் போவதும் இதே காரில்தான். யார் சொல்வதை நம்புவது, இந்தக் காரில் கோவை போகலாமா, கூடாதா என்று கேட்டிருக்கிறார்.

அவருடைய கேள்விக்கான பாதி பதில் அவர் எழுதியதிலேயே இருக்கிறது. சத்தம் எப்போது கூடுகிறது, எப்போது குறைகிறது என்று கவனித்திருக்கிறார் பாருங்கள், அதுதான் மெக்கானிக்குக்குக் கொடுக்கக்கூடிய முக்கியமான துப்பு. மீதியையும் சேர்த்துப் பார்த்துவிடலாம்.

பேரிங் ஏன் முனகுகிறது?

சைக்கிள் கடையில் 'பால்ரஸ்' பார்த்திருப்பீர்கள். அதே வேலையைத்தான் கார் சக்கரத்தில் வீல் பேரிங் செய்கிறது. உள்ளே ஒரு வளையம், வெளியே ஒரு வளையம், நடுவில் இரண்டு வரிசையாக இரும்புக் குண்டுகள், அவற்றைச் சுற்றி கிரீஸ். தண்ணீரும் தூசியும் உள்ளே போகாமல் இருக்க இரண்டு பக்கமும் சீல். காரின் மொத்த எடையையும் சுமந்துகொண்டு சக்கரம் லேசாகச் சுழல்வதற்கு இதுதான் காரணம். மாட்டு வண்டிக் காலத்தில் அச்சுக்கு மை போடாவிட்டால் வண்டி கீச் கீச்சென்று கத்தும். அந்த மையின் வேலையை இப்போது பேரிங்குக்குள் அடைத்து வைத்த கிரீஸ் செய்கிறது.

சிறிய காரின் சக்கரம் 1 கி.மீ தூரத்துக்குச் சுமார் 550 முறை சுற்றும். சென்னையிலிருந்து மதுரைக்கு ஒரு நடை போனால் கிட்டத்தட்ட 2.5 லட்சம் சுற்று. இவ்வளவு சுற்றையும் தாங்கும் பேரிங்கின் உள்வளையத்திலோ வெளிவளையத்திலோ ஒரு சின்னக் குழி விழுந்துவிட்டால், ஒவ்வொரு குண்டும் அந்தக் குழியைக் கடக்கும்போது ஒரு தட்டுத் தட்டும். 60 கி.மீ வேகத்தில் சக்கரம் நொடிக்கு 9 முறை சுற்றுகிறது. அந்த ஒரு நொடிக்குள் குழியைத் தாண்டும் குண்டுகள் பல. இத்தனை தட்டல்களும் தனித்தனியாகக் காதில் விழாமல் ஒரே முனகலாகச் சேர்ந்து கேட்கின்றன. பழைய சீலிங் ஃபேன் உறுமுவதும் இதே கதைதான்.

வேகம் கூடினால் தட்டல்களும் நெருக்கமாகும். அதனால்தான் வேகத்துடன் சேர்ந்து சத்தமும் ஏறுகிறது.

திரும்பும்போது ஏன் கூடுகிறது?

டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டு போகிறீர்கள். பஸ் வலது பக்கம் திரும்பினால் நீங்கள் எந்தப் பக்கம் சாய்கிறீர்கள்? இடது பக்கம். கார் திரும்பும்போது அதன் எடையும் அப்படித்தான் வெளிப்பக்கச் சக்கரங்களின் மேல் சாய்கிறது. 1,000 கிலோ எடையுள்ள கார் 50 கி.மீ வேகத்தில் ஓரளவு வளைவான திருப்பத்தில் போனால், சுமார் 100 கிலோ பாரம் உள்பக்கச் சக்கரங்களிலிருந்து வெளிப்பக்கச் சக்கரங்களுக்கு மாறிவிடும். போதாததற்கு, பக்கவாட்டுத் தள்ளலையும் அந்தச் சக்கரங்களின் பேரிங்தான் தாங்க வேண்டும்.

குழி விழுந்த பேரிங் மேல் கூடுதல் பாரம் ஏறினால் அது இன்னும் சத்தமாக முனகும். பாரம் குறைந்தால் அடங்கும். இதிலிருந்து கிடைக்கும் எளிய கணக்கு இது:

- வலது பக்கம் திருப்பும்போது சத்தம் கூடினால், இடது பக்கச் சக்கரங்களைச் சந்தேகப்படுங்கள்.
- இடது பக்கம் திருப்பும்போது சத்தம் கூடினால், வலது பக்கச் சக்கரங்களைச் சந்தேகப்படுங்கள்.

இது துப்பு மட்டும்தான், தீர்ப்பு அல்ல. பேரிங்கில் இரண்டு வரிசைக் குண்டுகள் இருப்பதால், எந்த வரிசை கெட்டிருக்கிறது என்பதைப் பொறுத்து சில நேரம் இந்தக் கணக்கு ஏமாற்றும். காரின் பாடி முழுக்க சத்தம் பரவுவதால், பின் சக்கரத்தின் முனகல் முன்னாலிருந்து வருவது போலவும் தோன்றும். ஆகவே இந்த ஒரு சோதனையை மட்டும் நம்பி பேரிங் வாங்கிவிடக் கூடாது.

முதலில், பேரிங் அல்லாதவற்றைக் கழியுங்கள்

சத்தம் எப்படிக் கேட்கிறது என்பதைக் கவனித்தாலே பாதி விஷயம் புரிந்துவிடும்.

கார் நிற்கும்போதே கேட்கிறதா? இன்ஜின் ஓட, கார் ஒரே இடத்தில் நிற்கும் நிலையில் ஸ்டீயரிங்கைத் திருப்பிப் பாருங்கள். அப்போதே 'உய்ங்' என்று கேட்டால் அது வீல் பேரிங் இல்லை. சக்கரம்தான் சுழலவே இல்லையே! ஹைட்ராலிக் பவர் ஸ்டீயரிங் உள்ள காராக இருந்தால் அதன் பம்ப் அல்லது ஆயில் அளவைப் பார்க்க வேண்டும். ஸ்டீயரிங்கைக் கடைசி வரை ஒடித்து அப்படியே பிடித்துக்கொண்டிருக்காதீர்கள், பம்ப்புக்கு நல்லதல்ல. இப்போது வரும் பெரும்பாலான சிறிய கார்களில் எலெக்ட்ரிக் பவர் ஸ்டீயரிங் என்பதால் இந்த பம்ப்பே கிடையாது.

யு-டர்ன் போடும்போது 'டக் டக் டக்' என்கிறதா? மெதுவாக, ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்துத் திரும்பும்போது மட்டும் இப்படிக் கேட்டால், முன் சக்கரத்துக்கு இன்ஜினின் சக்தியைக் கொண்டுபோகும் ஆக்ஸிலின் சி.வி ஜாயின்ட்டைச் சந்தேகிக்கலாம். அதன் ரப்பர் பூட் கிழிந்து, ரிம்மின் உள்பக்கம் கிரீஸ் தெறித்திருந்தால் சந்தேகம் இன்னும் வலுக்கும். பேரிங்கின் சத்தம் தொடர் முனகல், சி.வி ஜாயின்ட்டின் சத்தம் விட்டு விட்டுத் தட்டல். இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

'சர்ர்... சர்ர்...' என்று உரசுகிறதா? பிரேக் டிஸ்க்குக்குப் பின்னால் இருக்கும் மெல்லிய தகடு வளைந்திருக்கலாம், இல்லையென்றால் இடுக்கில் ஒரு கல் சிக்கியிருக்கலாம். பிரேக்கை லேசாகத் தொட்டதும் சத்தம் மாறினால் பிரேக் பக்கம் பார்க்கச் சொல்லுங்கள்.

கியர் மாற்றினால் மாறுகிறதா? காலியான சாலையில் 50 கி.மீ வேகத்தில் மூன்றாவது கியரில் கொஞ்ச தூரம், அதே வேகத்தில் நான்காவது கியரில் கொஞ்ச தூரம் ஓட்டுங்கள். கார் வேகம் அதேதான், இன்ஜின் வேகம் மட்டும் மாறுகிறது. சத்தமும் கூடவே மாறினால் கோளாறு இன்ஜின் பக்கம். சத்தம் அப்படியே இருந்தால் சக்கரத்தின் பக்கம் தேடலாம். சோதனைக்காக என்று ஓடும் காரில் இன்ஜினை மட்டும் அணைத்துவிடாதீர்கள். பவர் ஸ்டீயரிங்கும் பிரேக் உதவியும் போய்விடும்.

டயரா, பேரிங்கா?

மிச்சம் இருப்பது இந்த இரண்டும்தான். பலரும் பணத்தை விடுவதும் இங்கேதான். அலைன்மென்ட் சரியில்லாமல், காற்று சரியாக வைக்காமல் ஓடிய டயர்கள் திட்டுத் திட்டாகத் தேயும். அப்படித் தேய்ந்த டயர் போடும் சத்தம் அசப்பில் பேரிங் முனகல் மாதிரியே இருக்கும். பிரித்தறிய மூன்று வழிகள் இருக்கின்றன.

முதலாவது, சாலை. புதிதாகத் தார் போட்ட வழவழப்பான சாலையிலும், சொரசொரப்பான கான்கிரீட் சாலையிலும் ஒரே வேகத்தில் ஓட்டிப் பாருங்கள். டயர் சத்தம் என்றால் சாலை மாறியதும் சுருதி மாறும். பேரிங் முனகல் எந்தச் சாலையிலும் அதே பாட்டைத்தான் பாடும்.

இரண்டாவது, உங்கள் உள்ளங்கை. காரை நிறுத்திவிட்டு டயரின் மேல்பரப்பைச் சுற்றுவாக்கில் முன்னும் பின்னும் தடவுங்கள். கம்பி, ஆணி ஏதும் குத்தியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் தடவுங்கள். ஒரு பக்கம் தடவினால் வழுக்கி, மறுபக்கம் தடவினால் ரம்பப் பல் மாதிரி குத்தினாலோ, மேடு பள்ளமாகத் தட்டுப்பட்டாலோ டயரே குற்றவாளியாக இருக்கலாம். பின் டயர்களையும் மறக்காமல் தடவிப் பாருங்கள். கையோடு டயரின் பக்கவாட்டில் இருக்கும் 4 இலக்க எண்ணையும் பார்த்துவிடுங்கள். 2321 என்று இருந்தால் 2021-ம் ஆண்டின் 23-வது வாரத்தில் தயாரான டயர் என்று அர்த்தம்.

மூன்றாவது, இடமாற்றம். முன் டயர்களைப் பின்னாலும், பின் டயர்களை முன்னாலும் மாற்றிப் போட்டு ஓட்டுங்கள். சத்தமும் இடம் மாறினால் டயர்தான் காரணம். மாறாமல் பழைய இடத்திலேயே இருந்தால் பேரிங். அம்புக்குறி போட்ட, ஒரே திசையில் சுழல வேண்டிய டயராக இருந்தால் அதே பக்கத்திலேயே முன் - பின் மாற்றச் சொல்லுங்கள். நான்கு புது டயர் வாங்குவதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை இது. ஆகும் செலவோ கழற்றி மாட்டும் கூலி மட்டும்தான்.

சோதனை ஓட்டம்: பின் சீட்டில் ஒரு காது

தனியாகச் செய்யாதீர்கள். ஓட்டுபவர் சாலையைப் பார்க்கட்டும், கூட வருபவர் சத்தத்தைக் கேட்கட்டும். கண்ணாடிகளை ஏற்றிவிட்டு ஏ.சி, பாட்டு இரண்டையும் நிறுத்துங்கள். கூட வருபவர் முதலில் முன் சீட்டிலும் பிறகு பின் சீட்டிலும் உட்கார்ந்து கேட்டால், சத்தம் முன்னாலா, பின்னாலா என்று ஓரளவு தெரியும். சத்தம் எத்தனை கி.மீ வேகத்தில் தொடங்குகிறது, எந்தப் பக்கம் திரும்பும்போது கூடுகிறது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். கூட வருபவரே போனில் பதிவும் செய்யலாம்.

இதற்காக நேரான சாலையில் காரைப் பாம்பு மாதிரி வளைத்து ஓட்ட வேண்டாம். பின்னால் வருபவருக்கு நீங்கள் பேரிங் சோதிப்பது தெரியாது. நீண்ட வளைவு உள்ள, கூட்டமில்லாத சாலையைத் தேர்ந்தெடுத்து, நம் லேனுக்குள்ளேயே 40 முதல் 60 கி.மீ வேகத்தில், சாலைக்குரிய வேக வரம்புக்குள் ஓட்டினால் போதும். போகும்போது வலது வளைவு என்றால், திரும்பி வரும்போது அதுவே இடது வளைவு. ஒரே சாலையில் இரண்டு சோதனையும் முடிந்துவிடும்.

ஒர்க்‌ஷாப்பில் உறுதி செய்வது எப்படி?

காரை லிஃப்ட்டில் ஏற்றியதும் மெக்கானிக் ஒவ்வொரு சக்கரத்தையும் மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்ப்பார். கடிகாரத்தில் 12, 6 இருக்கும் இடங்களில் கை வைத்து ஆட்டும்போது லொடலொடப்பு இருந்தால் பேரிங்காகவும் இருக்கலாம், பால் ஜாயின்ட்டாகவும் இருக்கலாம். ஒருவர் பிரேக்கை மிதித்துக்கொண்டிருக்கும்போது மறுபடி ஆட்டினால், ஆட்டம் நின்றுவிட்டால் பேரிங் மேல் சந்தேகம் வலுக்கும். முன் சக்கரத்தில் 3, 9 இருக்கும் இடங்களில் மட்டும் ஆட்டம் இருந்தால் ஸ்டீயரிங் ராடு முனைகளைப் பார்க்க வேண்டும்.

அடுத்து, ஒரு கையால் சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டே மறு கையைச் சஸ்பென்ஷன் ஸ்பிரிங் மேல் வைப்பார்கள். கெட்ட பேரிங் சுழலும்போது ஸ்பிரிங்கில் நறநறவென்று அதிர்வு தெரியும். நல்ல பேரிங்கில் ஒன்றும் தெரியாது. ஆட்டம் இல்லை என்பதற்காக பேரிங் நல்லது என்று முடிவு கட்டிவிட முடியாது. ஆட ஆரம்பிப்பதற்கு வெகு முன்பே பேரிங் முனக ஆரம்பித்துவிடும். அதனால் மெக்கானிக்கை ஒரு ரவுண்டு காரில் கூட்டிப்போய் சத்தத்தைக் கேட்கவைப்பது முக்கியம்.

வீட்டில் ஜாக்கி போட்டு இந்தச் சோதனையைச் செய்ய நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஸ்டெப்னி மாற்றக் கொடுத்த ஜாக்கி, சக்கரம் கழற்றி மாட்ட மட்டும்தான். அதை நம்பி காருக்கு அடியில் தலையை விடக் கூடாது.

ஈரோடு வாசகிக்கு...

வலது பக்கம் திருப்பும்போது சத்தம் கூடி, இடது பக்கம் திருப்பும்போது குறைகிறது என்று சொல்லியிருக்கிறீர்கள். இடது முன் சக்கரம் அல்லது இடது பின் சக்கரத்தின் பேரிங் மேல்தான் முதல் சந்தேகம். பக்கத்துத் தெரு மெக்கானிக் சொன்னது சரியாக இருக்க வாய்ப்பு அதிகம். டயர் தேய்மானத்தைக் கையால் தடவிப் பார்த்துவிட்டு, அவரிடமே லிஃப்ட்டிலோ ஸ்டாண்டிலோ ஏற்றி நான்கு சக்கரங்களையும் சோதிக்கச் சொல்லுங்கள். கெட்டது ஒன்று என்றால் அந்த ஒன்றை மாற்றினால் போதும். நான்கு பேரிங்கும் வேண்டாம், சோதிக்காமல் நான்கு டயரும் வேண்டாம்.

கோவைக்குப் போகலாமா? சோதித்து முடிக்கும் வரை வேண்டாம். முனகும் பேரிங் இன்றைக்கே உடைந்துவிடும் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. பல வாரங்கள் முனகிக்கொண்டே ஓடிய கார்களும் உண்டு. ஆனால் இன்னும் எத்தனை கி.மீ தாங்கும் என்று வெளியிலிருந்து யாராலும் சொல்ல முடியாது. நெடுஞ்சாலை வேகத்தில், உடம்பு முடியாத அப்பாவுடன் வைத்துப் பார்க்க வேண்டிய பந்தயம் இல்லை இது. இந்த வாரம் ரயிலோ, வாடகைக் காரோ ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். காரை ஒர்க்‌ஷாப்புக்கு மட்டும் மெதுவாக ஓட்டிப் போங்கள்.

இதெல்லாம் இருந்தால் உடனே ஓரம் கட்டுங்கள்

முனகல் மாறி 'கரகர'வென்று அரைக்கும் சத்தமாகிவிட்டால், ஸ்டீயரிங் உதறினால், ஏ.பி.எஸ் விளக்கு எரிந்தால், கருகிய வாடை வந்தால், ஒரு சக்கரத்திலிருந்து மட்டும் அனல் அடித்தால் அதற்கு மேல் ஓட்டாதீர்கள். அந்தச் சக்கரத்தைத் தொட்டுப் பார்க்கவும் வேண்டாம், கை சுட்டுவிடும். வண்டியைக் கட்டி இழுத்துப் போகாமல், ஏற்றிக்கொண்டு போகும் வாகனத்தை வரவழையுங்கள். பேரிங் முற்றிலும் சிதைந்தால் சக்கரம் இறுகி நிற்கலாம், கடைசிக் கட்டத்தில் கழன்றும் போகலாம்.

மாற்றும்போது கவனிக்க வேண்டியவை

- சில கார்களில் பேரிங்கும் ஹப்பும் ஒன்றாகவே வரும், போல்ட்டைக் கழற்றி மாற்றிவிடலாம். சிலவற்றில் பேரிங்கை மட்டும் அழுத்திப் பொருத்த வேண்டும். அதற்கு ஹைட்ராலிக் பிரஸ் தேவை. சுத்தியலால் அடித்து ஏற்றினால், மாட்டும்போதே வளையத்தில் குழி விழுந்து, புது பேரிங்கும் சீக்கிரமே முனக ஆரம்பித்துவிடும். 'பிரஸ் இருக்கிறதா?' என்று முதலிலேயே கேளுங்கள்.
- ஏ.பி.எஸ் உள்ள பல கார்களில் பேரிங்கின் ஒரு பக்கத்தில் காந்தப் பட்டை இருக்கும். அது சென்சார் பக்கம் வர வேண்டும். மாற்றி மாட்டினால் ஏ.பி.எஸ் விளக்கு எரியும்.
- நடு ஆக்ஸில் நட்டைப் புதிதாகப் போட்டு, கம்பெனி சொன்ன அளவுக்கு டார்க் ரெஞ்சால் இறுக்க வேண்டும். ஏர் கன்னால் 'டர்ர்'ரென்று இறுக்கி முடித்துவிடக் கூடாது. அளவு கூடினாலும் குறைந்தாலும் பேரிங்குக்கு ஆயுள் குறைவு.
- இப்போதைய சீல் செய்த பேரிங்கில் கிரீஸ் வைத்துச் சரிசெய்ய வழியில்லை. 'கிரீஸ் போட்டுவிட்டேன்' என்று சொன்னால் எதற்குப் போட்டார் என்று கேளுங்கள்.
- பொருள் விலை, கூலி இரண்டையும் தனித்தனியாக எழுதி பில் வாங்குங்கள். கழற்றிய பழைய பேரிங்கையும் கேட்டு வாங்கி விரலால் சுழற்றிப் பாருங்கள். மணல் அரைபடுவது போல நறநறத்தால் நோயாளி அதுதான்.
- வேலையின்போது சஸ்பென்ஷன் போல்ட்டுகளைக் கழற்றியிருந்தால் வீல் அலைன்மென்ட்டும் பார்த்துவிடுங்கள்.

மழைக்காலத்துக்கு ஒரு குறிப்பு

பேரிங்குக்கு இரண்டு எதிரிகள். ஒன்று, பள்ளத்தில் 'டமார்' என்று இறங்குவது. அந்த ஒரு அடியில் குண்டுகள் வளையத்தில் தடம் பதித்துவிடும். இன்னொன்று, தண்ணீர். சக்கரம் மூழ்கும் அளவுக்கு நின்ற தண்ணீர் சீலைத் தாண்டி உள்ளே போனால் கிரீஸ் கெட்டு, துரு பிடிக்கும். 2015, 2023 டிசம்பர் வெள்ளங்களில் சென்னையில் தெருத் தெருவாக கார்கள் தண்ணீரில் நின்றது நினைவிருக்கும். இன்ஜினையும் சீட்டையும் சுத்தம் செய்பவர்கள் சக்கரத்தை மறந்துவிடுவார்கள். பேரிங்கோ உடனே காட்டிக்கொடுக்காது, வாரங்கள் கழித்துத்தான் முனகும். வெள்ளத்தில் நின்ற காரோ, வெள்ளம் பார்த்ததோ என்று சந்தேகம் உள்ள செகண்ட் ஹேண்ட் காரோ, எதுவாக இருந்தாலும் நான்கு சக்கரங்களையும் ஒருமுறை சுழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்.

வேலை முடிந்து காரை எடுக்கும்போது மெக்கானிக்கையும் ஏற்றிக்கொண்டு, சத்தம் கேட்ட அதே சாலையில், அதே வேகத்தில், அதே வளைவில் ஒரு ரவுண்டு போய்விட்டு வாருங்கள். முனகல் போய்விட்டது என்று இரண்டு பேர் காதும் ஒப்புக்கொண்ட பிறகு பணத்தைக் கொடுங்கள்.